வேர்ட்ல நல்லாதான் இருந்துச்சு, சைட்ல ஏன் இப்படி?

கும்மோணத்துல டிடிபி, வெப்சைட் வேலை பாக்குறேன், வர்ற மேட்டர்ல முக்கால்வாசி வேர்ட் ஃபைல்தான். மன்னார்குடி பக்கம் ஒரு விவசாயக் குழு சைட்டுக்கு நெல் ரகப் பட்டியல், ஆடுதுறை 36, ஆடுதுறை 43, சிஆர் 1009னு எது குறுவைக்கு எது சம்பாவுக்கு, எத்தனை நாள்ல அறுப்புன்னு போடணும். அங்க இருந்த தம்பி வேர்ட் டேபிளை அப்படியே காப்பி பண்ணி விஷுவல் எடிட்டர்ல, அதாவது கோட் எழுதாம வேர்ட் மாதிரியே பாத்துப் பாத்து எழுதற இடத்துல, பேஸ்ட் பண்ணிட்டார். கம்ப்யூட்டர்ல அம்சமா இருக்கு, போன்ல திறந்தா நாள் கணக்கு இருக்கற கடைசி நெடுவரிசை ஸ்க்ரீனைத் தாண்டி ஓடிருச்சு, வயல்ல நிக்கிறவர் போன்லதானே பாப்பாரு! "அண்ணே, நான் பாக்கறப்ப சரியாத்தானே இருந்துச்சு"ங்கிறார். பக்கத்துக்குப் பின்னாடி இருக்கற கோடைக் காட்டற கோட் வியூவுக்குப் போனா ஒவ்வொரு கட்டத்துக்கும் வேர்ட் வச்ச அகலம், ஃபான்ட் பேரு, சைஸு, உள்ள ஒண்ணுமே இல்லாத ஸ்பேன் டேக்கு. நடுவுல 'குறுவை'ங்கறதைத் தேடிதான் கண்டுபிடிக்கணும்.

இதைவிட மோசம் பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட். வேர்ட்ல தமிழாத் தெரியும், ஆனா ஃபைலுக்குள்ள இருக்கறது இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனும்தான், ஃபான்ட்தான் அதுக்குத் தமிழ் வேஷம் போடுது. விஷுவல் எடிட்டர்ல பேஸ்ட் பண்ணும்போது ஃபான்ட் பேரும் கூடவே வந்துட்டா, பாமினி இருக்கற சிஸ்டத்துல தமிழாவே தெரியும், யாருக்கும் சந்தேகம் வராது. ஊர்ல மத்தவன் போன்லயும் கூகுள் தேடல்லயும் அது வெறும் குப்பை. நோட்பேட்ல போட்டா குட்டு அங்கயே உடைஞ்சிடும், எல்லா போன்லயும் தமிழாத் தெரியற யூனிகோடுக்கு மாத்திட்டு அப்புறம் ஏத்தலாம்.

அதுக்காக விஷுவல் எடிட்டரே வேணாம்னு சொல்ல மாட்டேன். விக்கிபீடியால டேபிள் கோட் எழுதிப் பாருங்க, ஒரு செங்குத்துக் கோடு விட்டுப்போனா போதும் மொத்தமும் கலைஞ்சிடும், ரிட்டையர்ட் வாத்தியார் ஒருத்தரை அதுல உக்கார வச்சா மறுநாள் வர மாட்டார். 2013ல ஆங்கில விக்கிபீடியால விஷுவல் எடிட்டரைக் கொண்டுவந்தப்ப பழைய ஆளுங்க எதிர்த்து சில மாசத்துலயே அதை டிஃபால்ட்லேர்ந்து எடுக்க வச்சாங்க, இன்னிக்கு ரெண்டும் இருக்கு. சைட் கட்டற வேர்ட்பிரஸ்லயும் 2018 டிசம்பர்ல பிளாக் எடிட்டர்னு புது விஷுவல் எடிட்டர் வந்தப்ப அதே சண்டைதான்.

என்னைக் கேட்டா டேபிள், படம் ரெண்டையும் விஷுவல்ல புதுசாவே போடுங்க, எழுத்தை மட்டும் நோட்பேட்ல அடிச்சிட்டு வாங்க, இல்லன்னா பேஸ்ட் பண்ணும்போது கன்ட்ரோல் ஷிஃப்ட் வி அமுக்குங்க, அலங்காரமெல்லாம் கழண்டு எழுத்து மட்டும் வரும். பழைய விண்டோஸ் வச்சிருக்கவங்க நோட்பேட்ல சேவ் பண்றப்ப கீழ என்கோடிங், அதாவது எழுத்தைச் சேமிக்கிற முறை, ஆன்சின்னு இருந்தா யூடிஎஃப்-8னு மாத்திடுங்க, இல்லன்னா அடுத்த தடவை திறக்கும்போது தமிழ் முழுக்க கேள்விக்குறியா நிக்கும்.