மலை இறங்கும்போது நியூட்ரலா? வேண்டாம் சாமி!

ஞாயிற்றுக்கிழமை பைக் கிளப் ரைடு என்றால் திங்கட்கிழமை பட்டறைக்கு வரும் வண்டிகளுக்கு ஒரே நோய்தான். முன் பிரேக் டிஸ்க் நீலம் பாய்ந்திருக்கும். டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பேட் பளபளத்து வழுக்கும். பின் டிரம்மைக் கழற்றினால் கருகல் வாடை மூக்கில் ஏறும். "ஏறும்போது நல்லாத்தான் இருந்துச்சு, இறங்கும்போது பிரேக் பிடிக்கவே இல்லை" என்பார்கள். எப்படி இறங்கினீர்கள் என்று கேட்டால், "நியூட்ரல்ல விட்டேன், பெட்ரோல் மிச்சம் ஆகுமே." ஒரே கிளப்பின் வண்டிகள் இதே புகாரோடு வரிசையாக வந்து நின்றதைப் பார்த்த பிறகும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்த பெட்ரோல் கணக்கை முடித்துவிடுவோம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) பைக்குகள் அநேகமாக எல்லாமே ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள். கியரில் இருக்கும்போது திராட்டிலை (ஆக்சிலேட்டரை) முழுதாக மூடினால், சக்கரமே இன்ஜினைச் சுற்றிக்கொள்கிறது. அதைப் பார்த்து ஈசியு, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரை நிறுத்திவிடும். இன்ஜின் சுற்று (ஆர்பிஎம்) ஐடில் அளவை நெருங்கும்வரை ஒரு சொட்டு பெட்ரோல்கூட உள்ளே போகாது. நியூட்ரலில் விட்டால்? இன்ஜின் அணையாமல் இருக்க பெட்ரோல் குடித்தே ஆகவேண்டும். ஆக, மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரல் போடுகிறவர்தான் கூடுதலாகச் செலவழிக்கிறார். பழைய கார்புரேட்டர் வண்டியில் கொஞ்சம் மிஞ்சலாம். ஆனால் அது புது பேட் செட்டுக்குக்கூடக் காணாது.

"எங்க அண்ணன் இருபது வருஷமா இப்படித்தான் இறங்குறார், ஒண்ணும் ஆகலையே" என்பது அடுத்த வாதம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். மேட்டுப்பாளையம் 330 மீட்டர் அளவில் இருக்கிறது. வண்டி, ஓட்டுபவர், பின்னால் ஒருவர், பை எல்லாம் சேர்த்து 350 கிலோ என்று வையுங்கள். அந்த எடை 1,900 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் இருபது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கியரில் இருந்தால் இன்ஜின் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் மீதி அத்தனையும் உள்ளங்கை அளவு பேடுக்கும் ஒரு டிஸ்க்குக்கும் பின் டிரம்முக்கும்தான் போகிறது. அண்ணன் தனியாக, பை இல்லாமல், நின்று நின்று இறங்கியிருப்பார். ஆள் ஏற்றி, பை கட்டி, முன்னால் போகிறவரை விட்டுவிடக் கூடாது என்று விரட்டி இறங்குவது வேறு கதை.

கியரில் இறங்கினால் இன்ஜின் கத்துகிறது, கெட்டுப்போகும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. ஆர்பிஎம் மீட்டரின் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை எதுவும் ஆகாது, கத்தட்டும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும், ஆழியாறு–வால்பாறை சாலையின் 40 வளைவுகளிலும் வளைவுக்குள் முதல் அல்லது இரண்டாவது கியர்தான். கிளட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே உருள்வதும் நியூட்ரல்தான், பெயர் மட்டும் வேறு. சாவியைத் திருப்பி இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்கும் மகான்களுக்கு ஒரு தகவல்: சாவி ஆஃப் ஆனால் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) வேலை செய்யாது, பிரேக் லைட்டும் எரியாது.

வளைவுக்கு முன்பே வண்டி நேராக இருக்கும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். வேகம் குறைந்ததும் முழுதாக விடுங்கள். விட்ட இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும். கால் பிரேக்கை மட்டும் மிதித்தபடியே இறங்காதீர்கள். இறக்கத்தில் எடை முன் சக்கரத்துக்குப் போகிறது. பின் பிரேக் தனியாக வண்டியை நிறுத்தாது, சூடாகும், அவ்வளவுதான். முன் பிரேக் ஆளைத் தூக்கி எறியும் என்ற பயத்தைத் தயவுசெய்து விடுங்கள். திடீரென்று கவ்வினால்தான் ஆபத்து. கொண்டை ஊசி வளைவில் லாரியும் பஸ்ஸும் சிந்திய டீசல் படிந்திருக்கும். அங்கே எந்த பிரேக்கும் வேண்டாம்.

பிரேக் ஆயிலைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பைக்குகளில் வழக்கமாக ஊற்றும் டாட்-4 தர ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியதற்கு உள்ள வரம்பு 155 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி வரும். ஆவி அமுங்கும் என்பதால் லிவர் சொதசொதவென்று கைப்பிடிவரை வந்துவிடும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஓட்டம் குறைவாக இருந்தாலும். ஆயில் டப்பாவின் கண்ணாடி ஜன்னலில் தெரியும் ஆயில் பழுப்பாக இருந்தால் அந்த வாரமே மாற்றுங்கள். அளவு குறைந்திருக்கிறது என்று மேலே மட்டும் ஊற்றி நிரப்பாதீர்கள். பேட் தேய்ந்தாலும் அளவு இறங்கும், முதலில் பேடைப் பாருங்கள். டாட்-5 என்பது சிலிக்கான் ஆயில், டாட்-4 உடன் கலக்கவே கூடாது. டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். புதுப் பேட் போடும்போது அதையும் அளக்கச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை சாயங்கால வாட்டர் வாஷ் இன்னொரு தலைவலி. போட்டோவுக்கு வண்டி மின்ன வேண்டும், சரி. டீசல் அடித்துக் கழுவினால் டிஸ்க்கில் எண்ணெய் படலம் நிற்கும், ரப்பர் புஷ் ஊறிப்போகும். டயருக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் பக்கச் சுவரோடு நிறுத்துங்கள். தரையில் படும் இடத்தில் பட்டால் முதல் வளைவிலேயே வழுக்கும். கழுவ வேண்டுமென்றால் வியாழக்கிழமை கழுவுங்கள். வெள்ளியும் சனியும் ஓட்டிப் பாருங்கள்.

செயினை இறுக்கினால் பவர் வீணாகாது என்று கிளப்புக்குள் யாரோ பரப்பி வைத்திருக்கிறார்கள். ஆள் உட்கார்ந்து பையும் ஏறினால் ஷாக் அப்சார்பர் அமுங்கும், செயின் இன்னும் இறுகும். அந்த இழுப்பில் கியர்பாக்ஸ் பேரிங் அடிவாங்கும். பெரும்பாலான 350 சிசி வண்டிகளுக்குச் செயினின் கீழ்ப்பக்க நடுவில் மேலும் கீழும் சேர்த்து 25 முதல் 35 மி.மீ. ஆட்டம் வேண்டும். உங்கள் வண்டிக்கான அளவு மேனுவலில் இருக்கும். சக்கரத்தைச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் அளங்கள். இரண்டு பக்க அட்ஜஸ்டர் கோடுகளும் சமமாக இருக்கட்டும்.

டயர் காற்றை வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பாருங்கள். பின்னால் ஆள் (பில்லியன்) இருந்தால் பின் டயருக்குக் கூடுதல் அளவு உண்டு. டயர் பட்டனின் (தரையில் படும் வரிப்பள்ளத்தின்) ஆழம் 1 மி.மீ.க்கு வந்துவிட்டால் மலைக்குப் போகாதீர்கள். பக்கவாட்டில் 3219 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 32-வது வாரத்தில் செய்த டயர். பட்டன் இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், ரப்பர் கெட்டியாகியிருக்கும். காருக்கு வாங்கிய இன்ஜின் ஆயிலை பைக்கில் ஊற்றாதீர்கள், கிளட்ச் வழுக்கும். டப்பாவில் பைக் ஆயிலுக்கான தரக் குறியீடான ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும்.

இனி கூட்டமாகப் போகும்போது. கியரில் இறங்குகிறவர் இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பார், அவர் பிரேக் லைட் எரியாது. பின்னால் நியூட்ரலில் உருண்டு வருகிறவருக்கு அது புரியாது. இடைவெளி சுருங்கும், பதறிப் பிடிப்பார், அடுத்தவர் அவர்மேல் வருவார். அதனால் முன்னால் வழிநடத்தும் லீடு ரைடர் கிளம்பும் முன் எல்லோருக்கும் ஒரே முறையைச் சொல்லிவிட வேண்டும். நான்குவழிச் சாலையில் இடமும் வலமுமாக மாறிமாறி, நேர் முன்னால் இருப்பவருக்கு இரண்டு வினாடி விட்டுப் போகலாம். மலைப்பாதையில் ஒற்றை வரிசை, நான்கு வினாடியாவது இடைவெளி. ஒரு குழுவில் ஏழு வண்டிக்கு மேல் வேண்டாம். புதியவர் லீடுக்கு அடுத்து, அனுபவசாலியும் டூல் பையும் கடைசியில். பெட்ரோல் பங்கில் நிற்பது எப்போது என்பதைச் சிறிய டேங்க் உள்ள வண்டிதான் முடிவு செய்யும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள், சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பஸ் திரும்ப முழுச் சாலையும் வேண்டும். வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள்.

தம்பிகளே, பின்தங்கினால் மானம் போகாது. லிவர் இளகுகிறது, கருகல் வாடை வருகிறது என்றால் கியரைக் குறைத்து, லிவரைப் பலமுறை அழுத்தி அழுத்தி விட்டுப் பிடித்து, அகலமான இடத்தில் ஒதுங்குங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும். அரை மணி நேரம் ஆறவிடுங்கள். லிவர் பழையபடி கெட்டியாக இருந்தால் மெதுவாக இறங்கலாம். இல்லையென்றால் அங்கிருந்து வண்டியை ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும்.

வீடு திரும்பியதும் செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் வைத்துத் துடைத்து, உள்பக்கத்தில் செயின் லூப் (மசகு ஸ்பிரே) அடியுங்கள். ஓ-ரிங் (இணைப்புகளில் ரப்பர் வளையம் உள்ள) செயினுக்குப் பெட்ரோலும் கம்பி பிரஷும் ஆகாது. லூப் இரவெல்லாம் ஊறட்டும். கிளம்பும் காலையில் அடித்தால் பாதி பின் டயரில்தான் தெறிக்கும்.