அரசு வக்கீல் உங்கள் வக்கீல் இல்லை: ஊரகக் கோர்ட்டில் பாதிக்கப்பட்டவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெங்களூரு ஊரக மாவட்டத்தில் ஒரு கோர்ட். வராந்தாவில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். தர்மபுரிப் பக்கத்துக்காரர், குடும்பத்தோடு செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். சூளையில் நடந்த அடிதடியில் மகன் செத்துப்போனான். சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த துண்டுச் சீட்டை அவிழ்த்துக் காட்டினார். ஒரு எண், ஒரு வருடம், கன்னடத்தில் ஸ்டேஷன் பெயர். அவ்வளவுதான். அன்றைக்கு அவர் வந்தது நாலாவது தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் செலவு வேறு. முந்தைய மூன்று தடவையும் கிடைத்த பதில் ஒன்றே: "இந்த நம்பர்ல இங்க கேஸ் இல்லம்மா."

அந்தச் சீட்டில் இருந்தது போலீஸ் ஸ்டேஷனின் குற்ற எண். கோர்ட்டில் வழக்கு வேறு எண்ணில் இருந்தது. அதுவும் அந்தக் கட்டடத்தில் இல்லை. கொலை வழக்கை மாஜிஸ்திரேட் விசாரிக்க முடியாது, செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார். அனுப்பி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த ஒரு வரியை அவருக்குச் சொல்ல மூன்று தடவையும் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

நான் வக்கீல் இல்லை. கன்னடம் தெரியாத நம் ஆட்களுக்குத் துணையாகக் கோர்ட்டுக்குப் போய் வருகிறவன். திரும்பத் திரும்ப அதே இடங்களில் அதே ஆட்கள் அலைவதைப் பார்த்துதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆள் யார் என்று தெரிய வேண்டும். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அரசுத் தரப்பை நடத்துபவர் உதவி அரசு வழக்கறிஞர், ஏபிபி என்பார்கள். செஷன்ஸ் கோர்ட்டில் நடத்துபவர் அரசு வழக்கறிஞர், அதாவது பிபி. வழக்கு மேலே போகும்போது எண் மாறும், கட்டடம் மாறலாம், அரசு வக்கீலும் மாறுவார். முதல் ஆளிடம் நீங்கள் கொடுத்த மனு இரண்டாவது ஆளுக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பாதீர்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. வருவாய் எல்லையும் போலீஸ் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 2023 அக்டோபரில் அத்திப்பள்ளி பட்டாசுக் கடைத் தீயில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் இறந்தார்களே, அந்த ஊர் ஆனேக்கல் தாலுகா, பெங்களூரு நகர மாவட்டம். ஆனால் வழக்கைப் பதிவு செய்தது ஊரகப் போலீஸ். அதனால் "எந்த மாவட்டம்" என்று கேட்காதீர்கள். "எந்த ஸ்டேஷன், எந்தக் கோர்ட், கோர்ட்டு எண் என்ன" என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே சிஎன்ஆர் என்று 16 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு அடையாளம் உண்டு. அதை வாங்கிவிட்டால் இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா தேதியை வீட்டில் இருந்தே காசில்லாமல் பார்க்கலாம். அந்த அக்காவின் சீட்டில் இதை எழுதிக் கொடுத்திருந்தால் மூன்று நாள் கூலி மிஞ்சியிருக்கும்.

அடுத்தது, பலர் மனம் உடைந்துபோகும் இடம். அரசு வக்கீல் உங்களுக்காக வாதாடுகிறவர் போலத் தெரிவார். சட்டப்படி அவர் அரசின் பிரதிநிதி, கோர்ட்டுக்குப் பொறுப்பானவர். நீங்கள் அவருக்குக் கட்சிக்காரர் கிடையாது. அவரை நீங்கள் அமர்த்தவும் முடியாது, நீக்கவும் முடியாது. அதே காரணத்தால் நீங்கள் அவருக்கு ஒரு பைசா தர வேண்டியதில்லை. வராந்தாவில் "பிபி சாருக்குக் கொடுக்கணும்" என்று எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அந்தப் பணம் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் கேட்டவரின் பைதான். ஊரகக் கோர்ட்டில் ஒரு பிபியின் மேசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாடா கட்டிய கட்டுகள் நாற்காலி உயரத்துக்கு அடுக்கியிருக்கும், அன்று காலையில்தான் பல கட்டுகள் அவிழும். உங்கள் வழக்கின் விவரம் அவருக்கு மனப்பாடம் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். போலீஸ் எழுதிக் கொடுத்தது மட்டும்தான் அவர் கையில் இருக்கும்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. வேறு சட்டம் என்று சொல்லாத இடத்தில், கீழே நான் சொல்லும் பிரிவு எண்கள் அதில் உள்ளவை. மனுவில் எண்ணோடு எழுதினால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் குரலே மாறும், பார்த்திருக்கிறேன்.

"நீங்க புகார்தாரர் இல்லையே" என்பதுதான் முதல் பொறி. சூளையில், குவாரியில், கட்டட வேலையில் என்ன நடந்தாலும் ஸ்டேஷனுக்கு முதலில் ஓடுவது மேஸ்திரியோ முதலாளியின் ஆளோதான். புகாரில் அவர் பெயர் இருக்கும். அப்புறம் அடிபட்டவரோ இறந்தவரின் தாயோ போய்க் கேட்டால், "புகார் கொடுத்தவரைக் கூட்டிட்டு வா" என்பார்கள். இது தவறு. பாதிக்கப்பட்டவர் என்ற சொல்லுக்குள் அவருடைய பாதுகாவலரும் சட்டப்படியான வாரிசும் வருவார்கள் என்று சட்டமே சொல்கிறது. எஃப்ஐஆர் நகலைப் புகார்தாரருக்கு அல்லது பாதிக்கப்பட்டவருக்கு உடனே இலவசமாகத் தர வேண்டும், பிரிவு 173. புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், பிரிவு 193. யாரும் தானாகத் தெரிவிப்பதில்லை. 91ஆம் நாள் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.

மொழிதான் நம் ஆட்களைக் கவிழ்க்கும் பெரிய பள்ளம். நீங்கள் தமிழில் சொல்வீர்கள், ஸ்டேஷனில் கன்னடத்தில் எழுதுவார்கள். புகாரில் கையெழுத்துப் போடும் முன் வாசித்துக் காட்ட வேண்டியது அவர்கள் கடமை. புரியும் மொழியில் சொல்லச் சொல்லுங்கள், கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். "மகஜர்" (சம்பவ இடத்தில் பார்த்ததைப் போலீஸ் எழுதும் ஆவணம்) என்று சொல்லி வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடவே கூடாது. அதே நேரம், புலனாய்வின்போது போலீஸ் பதிவு செய்யும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதும் சட்டம்தான். மூன்று வருடம் கழித்து கூண்டில் நிற்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் கன்னட வாக்குமூலத்தை எடுத்து, "அப்போ ரெண்டு பேர் அடிச்சாங்கன்னு சொன்னீங்க, இப்ப மூணு பேர்ங்கிறீங்க" என்பார். நீங்கள் ரெண்டு என்று சொல்லியே இருக்க மாட்டீர்கள். ஆனாலும் வழக்கு அங்கே ஆட்டம் காணும். குற்றப்பத்திரிகை வந்ததும் உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் கேட்டுவிடுங்கள். தவறு இருந்தால் சாட்சி சொல்லும் நாளுக்கு முன்பே பிபியிடம் எழுத்தில் சொல்லுங்கள். கோர்ட்டில் நீங்கள் சொன்ன சாட்சியம் வேறு மொழியில் பதிவானால், அதை உங்களுக்குப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்லும்படி கேட்க உரிமை உண்டு. "கன்னட கொத்தா?" (கன்னடம் தெரியுமா?) என்று கேட்கும்போது கூச்சத்தில் தலையாட்டாதீர்கள். சந்தையில் பேசும் கன்னடம் வேறு, கூண்டில் நிற்கும்போது தேவைப்படும் கன்னடம் வேறு.

குற்றப்பத்திரிகை நகல் என்றதும் அடுத்த பொறி வருகிறது, சட்டத்துக்குள்ளேயே இருக்கும் பொறி. குற்றம் சாட்டப்பட்டவர் ஆஜரான 14 நாளுக்குள் போலீஸ் அறிக்கை, ஆவணங்கள் எல்லாம் அவருக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது பிரிவு 230. பாதிக்கப்பட்டவருக்கும் கிடைக்கும், ஆனால் அவருக்கு வக்கீல் இருந்தால்தான். மகனைப் பறிகொடுத்த தாய் வக்கீல் வைக்கவில்லை என்பதற்காக வெறுங்கையோடு நிற்க வேண்டும். எனக்கு இது இன்றுவரை ஆறவில்லை. ஆனால் வழி இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்குச் சட்ட உதவி மையத்தில் இலவச வக்கீல் கிடைக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும். தாலுகா கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். அங்கே ஒரு பெண்ணிடம் வருமானச் சான்றிதழ் கேட்டால், தேவையில்லை என்று சொல்லுங்கள், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 12 என்று சொல்லுங்கள். மசியவில்லை என்றால் 15100 என்ற எண்ணுக்கு அங்கேயே நின்று அழையுங்கள்.

இந்த வக்கீல் என்ன செய்ய முடியும், என்ன முடியாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கோர்ட் அனுமதித்தால் பிபிக்கு உதவலாம், சாட்சியம் முடிந்ததும் எழுத்து வடிவில் வாதம் தரலாம். பிபியைத் தள்ளிவிட்டுத் தானாகக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. 2019இல் ரேகா முரார்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே "எல்லாத்தையும் நானே வாதாடி முடிச்சுத் தரேன், ஐம்பதாயிரம் கொடுங்க" என்று ஒரு தனியார் வக்கீல் சொன்னால், காசைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

ஜாமீன் விசாரணையில் உங்கள் பேச்சையும் கேட்க வேண்டும். 2022இல் ஜக்ஜீத் சிங் வழக்கில், பாதிக்கப்பட்டவருக்கு ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கப்படும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கை அரசு திரும்பப் பெற நினைத்தாலும் உங்களைக் கேட்காமல் கோர்ட் அனுமதிக்கக் கூடாது, பிரிவு 360. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு என்றால் ஜாமீன் உட்பட ஒவ்வொரு விசாரணைக்கும் முன்னறிவிப்பு தந்தே ஆக வேண்டும், அந்தச் சட்டத்தின் பிரிவு 15ஏ. உரிமை எல்லாம் இருக்கிறது. தேதி தெரியாமல் எந்த உரிமையும் நடக்காது என்பதால்தான் சிஎன்ஆர் எண்ணை அத்தனை அழுத்திச் சொன்னேன்.

முகவரி விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். ஆதாரில் கிருஷ்ணகிரியோ தர்மபுரியோ இருக்கும், வேலை ஹொசகோட்டேயில், அடுத்த சீசனில் நெலமங்கலாவில். சம்மன் ஆதார் முகவரிக்குப் போய் "ஆள் இல்லை" என்று திரும்பும். இரண்டு மூன்று தடவை இப்படி ஆனால், நேரில் பார்த்த சாட்சியே கிடைக்கவில்லை என்று வழக்கு மெலிந்துபோகும். இடம் மாறும் ஒவ்வொரு தடவையும் ஸ்டேஷனுக்கும் பிபி அலுவலகத்துக்கும் ஒரு பக்கக் கடிதம், புதிய முகவரி, போன் எண். இரண்டு நகல் எடுத்துப் போய் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

சாட்சிக்கு மிரட்டல் வந்தால் எங்கே போவது என்று கேட்டால் எல்லோரும் ஸ்டேஷனைத்தான் காட்டுவார்கள். மிரட்டுகிறவர் ஸ்டேஷனில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிற ஊர்களும் உண்டு. 2018ஆம் ஆண்டுச் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் இன்னொரு கதவு வைத்திருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு, மாவட்டப் போலீஸ் தலைவர் அதில் உறுப்பினர், மாவட்டத்தின் தலைமை அரசு வழக்கறிஞர் உறுப்பினர் செயலர். மனுவை அந்தச் செயலர் வழியாகக் கொடுக்க வேண்டும். போலீஸ் அதிகாரி மிரட்டல் பற்றிய அறிக்கையை, உத்தரவு கைக்கு வந்த 5 வேலை நாளில் தர வேண்டும். "அப்படி ஒரு ஃபார்மே இல்லை" என்று அலுவலகத்தில் சொல்வார்கள். படிவம் அந்தத் திட்டத்தோடே இணைக்கப்பட்டிருக்கிறது. யார், எப்போது, எந்த எண்ணிலிருந்து, என்ன சொன்னார் என்று எழுதுங்கள். "மிரட்டுகிறார்கள்" என்ற ஒற்றை வார்த்தை மனு குப்பைக்குத்தான் போகும்.

பணம். கேஸ் ஜெயித்தால்தான் நிவாரணம் என்று நம்பி நம் ஆட்கள் வருடக் கணக்கில் காத்திருக்கிறார்கள். பிரிவு 396ன்படி குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் விண்ணப்பிக்கலாம். விசாரணையை அவர்கள் 2 மாதத்தில் முடிக்க வேண்டும். ஸ்டேஷன் பொறுப்பாளரோ மாஜிஸ்திரேட்டோ சான்று தந்தால் சிகிச்சைக்கு இடைக்கால உதவியும் உண்டு. அந்தச் சான்றை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே கேளுங்கள், ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து கேட்டால் ரிஜிஸ்டரைப் புரட்டவே ஒரு வாரம் என்பார்கள். இறந்தவரின் குடும்பம் என்றால் வாரிசுச் சான்றிதழ் தமிழ்நாட்டுத் தாசில்தாரிடமிருந்து வர வேண்டியிருக்கும். காரியம் முடிந்த கையோடு அதற்கு விண்ணப்பித்துவிட்டே பெங்களூருக்குத் திரும்புங்கள். வங்கிக் கணக்கு சூளை முதலாளியின் ஆள் பெயரில் இருக்கவே கூடாது.

சாட்சி சொல்லும் நாளில் காலை பத்து மணிக்கே போய் பிபியைப் பாருங்கள், வாக்குமூலத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சாட்சி வந்திருக்கும்போது விசாரிக்காமல் வாய்தா போடுவதற்குத் தனிக் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்கிறது பிரிவு 346. சாயங்காலம் வரை உட்கார வைத்து "அடுத்த மாசம் வா" என்றால், பிபியிடம் இதைச் சொல்லி நீதிபதி காதில் போடச் சொல்லுங்கள். சாட்சிக்கான பேட்டாவும் அன்றைக்கே கேளுங்கள், பஸ் டிக்கெட்டைக் கிழிக்காமல் வைத்திருங்கள். வெளியே ஒருவர் வந்து "ராஜியாப் போயிடலாம், இங்க ஒரு கையெழுத்து" என்றால் கவனம். கொலை போன்ற குற்றத்தில் சமரசத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அந்தக் கையெழுத்து உங்களைப் பிறழ்சாட்சியாக்கத்தான் பயன்படும்.

விடுதலை என்று தீர்ப்பு வந்துவிட்டால், "அரசு அப்பீல் போகும், நீங்க வீட்டுக்குப் போங்க" என்பார்கள். அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. விடுதலை செய்தாலும், குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டித்தாலும், இழப்பீடு போதாவிட்டாலும் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம், பிரிவு 413. முன் அனுமதி கேட்கவும் வேண்டாம். இதை உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது கர்நாடகாவிலிருந்து போன மல்லிகார்ஜுன் கோடகளி வழக்கில்தான். தீர்ப்பு நாளிலேயே சான்றளித்த நகலுக்கு விண்ணப்பம் போட்டு ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த அக்காவின் வழக்கு இப்போது சாட்சி விசாரணையில் இருக்கிறது. இலவச வக்கீல் கிடைத்து, குற்றப்பத்திரிகை நகலும் கைக்கு வந்தது. போன வாரம் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். மகனின் வயது 22, அதில் 32 என்று இருந்தது. திருத்தச் சொல்லி எழுதிய மனுவில் முத்திரை வாங்கிய பிறகுதான் பஸ் ஏறினார்.