தோள்கோடு இறங்கினால் அழிக்காதீர்கள்

மனித உருவம் வரையும் வகுப்புகளை இருபது வருடங்களாக நடத்துகிறேன். ஆரம்பத்தில் ஒருநாள் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் மாடலாக நின்றார். எடை முழுவதும் வலது காலில், கை இடுப்பில். நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். மாணவர்கள் தோள்கோட்டை அழித்து அழித்துக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். அளவு தப்பிவிட்டது என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அளவு தப்பவில்லை. அவருடைய தோள்தான் சோர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் தொடை நடுங்கியது, முகம் வெளுத்தது, மேடையிலேயே சரிந்துவிட்டார். படுக்கவைத்துக் கால்களை உயர்த்திப் பிடித்ததும் கண் திறந்தார். "போஸ் கெட்டுப்போச்சா சார்?" என்றுதான் முதலில் கேட்டார்.

நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் அது காலிலேயே தேங்கும். முட்டியை விறைத்து வைத்தால் இன்னும் மோசம். வயிறு காலி, அறையில் புழுக்கம் என்றால் மயக்கம் சீக்கிரமே வரும்.

போட்டோ பார்த்து வரையலாமே என்று பெற்றோர்கள் கேட்பதுண்டு. போட்டோவில் எடை தெரியாது. ஒற்றைக் காலில் எடை போட்டு நிற்பவரின் தொண்டைக்குழியிலிருந்து தூக்குநூல் விட்டுப் பாருங்கள். அந்தக் காலின் கணுக்கால் பக்கமாக விழும். அந்தப் பக்க இடுப்பு ஏறும், தோள் இறங்கும். சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் திரிபங்கத்தில், அதாவது உடல் மூன்று இடத்தில் வளைந்து நிற்கும் நிலையில், இருப்பதும் இதே கணக்குதான். ஸ்தபதிகள் அதைத் தாள அளவு என்ற சிற்ப அளவுமுறை வழியாகக் கற்கிறார்கள். நாங்கள் எதிரில் நிற்பவரிடமிருந்து கற்கிறோம். 1959இல் மெரினாவில் வைக்கப்பட்ட உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நிஜ உடம்பைக் கூர்ந்து பார்க்காத கை அந்த முதுகுகளைச் செய்திருக்க முடியாது.

சரி, எதிரில் நிற்பவரை எப்படி நடத்துவது? நான் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்காமல் வகுப்பைத் தொடங்குவதில்லை. முதல் அரைமணி நேரம் ஒரு நிமிட, இரண்டு நிமிட போஸ்கள் மட்டும். நீண்ட போஸ் என்றால் இருபது நிமிடம், பிறகு ஐந்து நிமிட ஓய்வு. பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டால் அதே இடத்தில் திரும்ப நிற்கலாம். உடை மாற்றத் தனி அறை வேண்டும். போஸைத் திருத்த வாயால் சொன்னால் போதும், தொடக்கூடாது. செல்போன்கள் வகுப்புக்கு வெளியே.

புதிதாகச் சேரும் மாணவர்களிடம் இன்னொன்றும் சொல்லி வைத்திருக்கிறேன். தோள்கோடு இறங்குவதாகத் தெரிந்தால் ரப்பரை எடுக்காதே, பென்சிலை வைத்துவிட்டு என்னைக் கூப்பிடு.