திறந்ததும் ஓட வேண்டிய மேக்ரோ ஏன் ஓடவில்லை?

எக்செல் ஃபைலைத் திறந்ததும் தானாக ஓட வேண்டிய மேக்ரோ, அதாவது எக்செலுக்குள் நாம் எழுதி வைத்த நிரல், ஓடவில்லை என்றால் உடனே கை போவது ஆல்ட்-எஃப்11க்குத்தான். நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு எந்த வரியில் தப்பு என்று தேட ஆரம்பித்துவிடுவோம். என்னைக் கேட்டால் அது இரண்டாவது வேலை. நேற்றுவரை ஓடிய நிரல், யாரும் கை வைக்காமலே இன்று ஓடவில்லை என்றால், எக்செல் அதைக் கூப்பிடவே இல்லை என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். கூப்பிட்டதா இல்லையா என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் தேட வேண்டிய இடம் சட்டென்று பாதியாகிவிடும்.

அதற்கு மேக்ரோவின் முதல் வரியாக ஒரு மெசேஜ் பாக்ஸ் போட்டு, சேமித்து, எக்செலை மொத்தமாக மூடிவிட்டு மறுபடி திறந்தால் போதும். பெட்டி வந்தால் கூப்பிட்டிருக்கிறது, வராவிட்டால் இல்லை. மேக்ரோவை ஒரு வரியில் நிறுத்திப் பார்க்க எஃப்9 அழுத்தி வைக்கும் சிவப்புப் புள்ளி இங்கே உதவாது, ஏனென்றால் ஃபைலை மூடியதும் அது போய்விடும், சேமிக்கப்படுவதில்லை. மெசேஜ் பாக்ஸ் வேண்டாம் என்றால் 'ஸ்டாப்' என்ற கட்டளையை எழுதலாம், அது ஃபைலோடு சேர்ந்தே இருக்கும்.

சரி, எக்செல் எப்படிக் கூப்பிடுகிறது? இரண்டு வழி இருக்கிறது. பழைய வழி 'ஆட்டோ_ஓப்பன்' என்ற பெயரில் சாதாரண மாட்யூல் (நிரல் எழுதும் பக்கம்) ஒன்றில் எழுதும் மேக்ரோ. எக்செல் 97இலிருந்து வந்த வழி 'ஒர்க்புக்_ஓப்பன்'. இது நிகழ்வு, அதாவது ஈவென்ட். 'திஸ்ஒர்க்புக்' என்ற மாட்யூலுக்குள் இருந்தால்தான் எக்செல் கண்ணுக்கே தெரியும். இதை மாட்யூல்1இல் எழுதினாலோ, ஏதாவது ஒரு ஷீட்டின் மாட்யூலில் ஒட்டினாலோ எரர் எதுவும் வராது, அது பாட்டுக்கு யாரும் கூப்பிடாத மேக்ரோவாகக் கிடக்கும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் இதே கதிதான். இரண்டு வழியிலும் எழுதி வைத்திருந்தால், கையால் திறக்கும்போது ஒர்க்புக்_ஓப்பன் முதலிலும் ஆட்டோ_ஓப்பன் அதற்குப் பிறகும் ஓடும்.

இந்த இரட்டை வழி நோய் கண்டுபிடிக்கவும் நல்ல கருவி. 'அப்ளிகேஷன்.எனேபிள்ஈவென்ட்ஸ்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஏதாவது ஒரு மேக்ரோ வேலைக்கு நடுவில் அதை ஃபால்ஸ் ஆக்கும், வேலை முடிந்ததும் ட்ரூ ஆக்க வேண்டும். நடுவில் எரர் வந்து, நாமும் 'எண்ட்' பட்டனை அழுத்திவிட்டால் ட்ரூ ஆக்கும் வரி ஓடாமலே போய்விடும். அப்புறம் எக்செலை மூடும்வரை எந்த ஃபைலைத் திறந்தாலும், அந்த மேக்ரோவுக்குச் சம்பந்தமே இல்லாத ஃபைலாக இருந்தாலும், ஒர்க்புக்_ஓப்பன் ஓடாது. திரையில் இதற்கு எந்த அறிகுறியும் கிடையாது! ஆனால் ஆட்டோ_ஓப்பன் ஈவென்ட் இல்லை என்பதால் அது மட்டும் வழக்கம்போல ஓடும். ஆக ஆட்டோ_ஓப்பன் ஓடி ஒர்க்புக்_ஓப்பன் ஓடவில்லை என்றால் இந்த சுவிட்சைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நிரல் சாளரத்தில் கன்ட்ரோல்-ஜி அழுத்தி, கேள்விக்குறி போட்டு அந்தப் பெயரை எழுதி என்டர் தட்டினால் ட்ரூவா ஃபால்ஸா என்று சொல்லிவிடும். எக்செலை மொத்தமாக மூடிவிட்டுத் திறக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இரண்டுமே ஓடவில்லை என்றால் ஃபைலுக்குள் மேக்ரோ இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், இது அடிக்கடி நடக்கிறது. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தில் சேமித்தால் மேக்ரோ போய்விடும் என்று எக்செல் எச்சரிக்கும், படிக்காமல் 'யெஸ்' அழுத்துவோம். ஃபைல் மூடப்படும்வரை மேக்ரோ நினைவகத்தில் உயிரோடு இருப்பதால் அன்றைக்கு எல்லாம் நன்றாகவே ஓடும், மறுநாள் திறந்தால் ஒன்றும் இருக்காது. மேக்ரோவோடு சேமிக்கும் எக்ஸ்எல்எஸ்எம் ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அதன் ஒரு நகலை எடுத்துக் கடைசியில் ஜிப் என்று பெயர் மாற்றித் திறந்தால், எக்ஸ்எல் என்ற ஃபோல்டருக்குள் 'விபிஏப்ராஜெக்ட்.பின்' என்று ஒரு ஃபைல் இருக்க வேண்டும். மேக்ரோ எல்லாம் இருப்பது அதில்தான்.

மேக்ரோ இருக்கிறது, ஆனாலும் ஓடவில்லை என்றால் பாதுகாப்புக் கெடுபிடிதான். இது சும்மா வந்ததில்லை. 1996இல் 'லாரூ' என்ற எக்செல் வைரஸ் பரவியது. அது பிடித்துக்கொண்டது இதே ஆட்டோ_ஓப்பனைத்தான். ஃபைல் திறந்ததும் ஓடி, எக்செல் தொடங்கும்போதெல்லாம் தானாகத் திறக்கும் எக்ஸ்எல்ஸ்டார்ட் ஃபோல்டரில் தன்னை நகலெடுத்து வைத்துக்கொண்டு, அங்கிருந்து மற்ற ஃபைல்களுக்குத் தொற்றியது. யாரும் எதையும் அழுத்த வேண்டியதில்லை, திறந்தாலே போதும் என்ற நம்முடைய வசதிதான் வைரஸுக்கும் வசதி.

மைக்ரோசாஃப்ட் பல வருடம் மஞ்சள் பட்டையில் 'எனேபிள் கன்டென்ட்' என்று ஒரு பட்டனைக் காட்டிவிட்டு முடிவை நம்மிடமே விட்டிருந்தது. நாமும் கேள்வி கேட்காமல் அழுத்திக்கொண்டே இருந்தோம். 2022 பிப்ரவரியில், இணையத்திலிருந்து வந்த ஃபைல்களின் மேக்ரோக்களை இனி இயல்பாகவே தடுக்கப்போவதாக அறிவித்தது. ஜூலையில் கொஞ்சம் பின்வாங்கி, அதே மாதம் மறுபடி அமலுக்குக் கொண்டுவந்தது. இப்போது வருவது சிவப்புப் பட்டை. அதில் எனேபிள் பட்டன் கிடையாது.

இணையத்திலிருந்து வந்தது என்று எக்செலுக்கு எப்படித் தெரியும்? பிரவுசரோ மெயில் மென்பொருளோ ஃபைலை இறக்கும்போது விண்டோஸ் அதனோடு 'ஜோன்.ஐடென்டிஃபையர்' என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கை ஒட்டிவிடுகிறது. அதில் ஜோன் எண் 3 என்று இருந்தால் இணையம். இந்தத் துணுக்கு விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் வடிவ டிஸ்கில் மட்டும்தான் நிற்கும், எஃப்ஏடி32 வடிவப் பென்டிரைவுக்கு நகலெடுத்தால் உதிர்ந்துவிடும். மெயிலில் வந்தால் ஓடாத ஃபைல் பென்டிரைவில் வந்தால் ஓடுவதன் ரகசியம் இதுதான். அனுப்பியவர் யார், உள்ளே என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸில் 'அன்பிளாக்' டிக் பண்ணலாம். அலுவலகத்தில் தினமும் புழங்கும் ஃபைல் என்றால் அதற்கென்று ஒரு ஃபோல்டரை 'டிரஸ்டட் லொகேஷன்', அதாவது எக்செல் நம்பும் இடம், ஆக்கிவிடுவது மேல். எல்லா மேக்ரோவையும் அனுமதி என்ற செட்டிங்கை மட்டும் தொடாதீர்கள், ஒரு ஃபைலுக்காக எல்லா ஃபைலுக்கும் கதவைத் திறந்து வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இதில் ஒரு விசித்திரம், நெட்வொர்க் ஃபோல்டரில் இருக்கும் ஃபைலை சர்வரின் பெயரால் திறந்தால் மேக்ரோ ஓடும், அதே ஃபைலை ஐபி எண் மூலம் திறந்தால் தடுக்கப்படலாம். எண்ணாக வந்தால் விண்டோஸ் அதை இணையமாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பக்கத்து சீட்டில் ஓடுகிறது, என் சீட்டில் ஓடவில்லை என்றால் இருவரும் எந்த ஷார்ட்கட் வழியாகத் திறக்கிறீர்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஃபைலை யார் திறக்கிறார்கள் என்பதும் முக்கியம். இன்னொரு மேக்ரோ உங்கள் ஃபைலைத் திறந்தால் ஒர்க்புக்_ஓப்பன் ஓடும், ஆட்டோ_ஓப்பன் ஓடாது. 'ரன்ஆட்டோமேக்ரோஸ்' என்று தனியாகச் சொன்னால்தான் ஓடும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு திறந்தால் இரண்டுமே ஓடாது, இது வேண்டுமென்றே வைத்த வசதி. ஆனால் இதனால் ஒரு வேடிக்கையான பழுது வரும். கன்ட்ரோல்-ஷிஃப்ட்டோடு ஓர் எழுத்தைச் சேர்த்து உங்கள் மேக்ரோவுக்கு ஷார்ட்கட் வைத்திருக்கிறீர்கள், அந்த மேக்ரோ இன்னொரு ஃபைலைத் திறக்கிறது என்று வையுங்கள். திறக்கும் நொடியில் உங்கள் விரல் ஷிஃப்ட்டில்தான் இருக்கும். எக்செல் அதைப் பார்த்து, மேக்ரோ வேண்டாம் என்கிறார் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, ஃபைலைத் திறந்த கையோடு உங்கள் மேக்ரோவையும் அப்படியே நிறுத்திவிடும். எரர் கிடையாது. எஃப்8 அழுத்தி வரி வரியாக ஓட்டினாலோ ஒழுங்காக ஓடும்! ஷார்ட்கட்டிலிருந்து ஷிஃப்ட்டை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

இனி அடுத்த பாதி. எக்செல் கூப்பிட்டது, ஆனால் வேலை நடக்கவில்லை. தேதி, ஃபார்மேட் மாதிரி எளிய ஃபங்ஷன்களில் போய் 'ப்ராஜெக்ட் அல்லது லைப்ரரி கிடைக்கவில்லை' என்று ஆங்கிலத்தில் எரர் வந்தால், அந்த வரியில் எந்தக் குற்றமும் இல்லை. நிரல் சாளரத்தில் டூல்ஸ், ரெஃபரன்சஸ் போய்ப் பாருங்கள், 'மிஸ்ஸிங்' என்ற முன்குறிப்போடு ஒரு லைப்ரரி, அதாவது நிரல் துணைக்கு அழைக்கும் வெளி நிரல் தொகுப்பு, நிற்கும். வேறு கணினியில் இருந்தது இதில் இல்லை, அவ்வளவுதான். புதுக் கணினிக்கு மாறியதும் பழைய மேக்ரோ முரண்டு பிடித்தால் 64 பிட் ஆஃபீஸும் காரணமாக இருக்கலாம். அங்கே விண்டோஸ் ஃபங்ஷன்களைக் கூப்பிடும் 'டிக்ளேர்' வரிகளில் 'பிடிஆர்சேஃப்' என்ற சொல் இல்லாவிட்டால் மாட்யூல் கம்பைலே ஆகாது.

எரரே இல்லாமல் தப்பான கணக்கு வருவதுதான் பெரிய தலைவலி. நிரலின் மேலே 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்று எழுதியிருந்தால் முதலில் அதை எடுங்கள், எரர் வந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போகச் சொல்லி எல்லாப் பழுதையும் பாய்க்கு அடியில் தள்ளிவிடும் வரி அது. அப்புறம், ஃபோல்டர் பெயர் இல்லாமல் வெறும் ஃபைல் பெயரைக் கொடுத்து வேறு ஃபைலைத் திறக்கச் சொல்லியிருந்தால், எக்செல் அப்போது எந்த ஃபோல்டரில் நிற்கிறதோ அங்கேதான் தேடும். அது நீங்கள் எப்படித் திறந்தீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். மேக்ரோ இருக்கும் ஃபைலின் ஃபோல்டரைச் சொல்லும் 'திஸ்ஒர்க்புக்.பாத்' சேர்த்துக் கொடுப்பதுதான் சரி. ஆனால் ஒன்டிரைவில் சிங்க் ஆகும் ஃபோல்டர் என்றால் அதுவே இணைய முகவரியாகத் திரும்பி வரலாம், ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும் 'டிர்' ஃபங்ஷனுக்கு அது புரியாது.

'ரெஃப்ரெஷ்ஆல்' என்று தரவைப் புதுப்பிக்கச் சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே நகலெடுக்கும் மேக்ரோக்களும் உண்டு. தரவு இணைப்புகள் பின்னணியில் ஓடுவதாக இருந்தால், புதுத் தரவு வருவதற்குள் மேக்ரோ பழையதை நகலெடுத்துவிட்டுப் போய்விடும். இணைப்பின் ப்ராப்பர்டீஸில் பின்னணியில் புதுப்பிப்பதை அணைத்தால் அது வந்து சேரும்வரை மேக்ரோ காத்திருக்கும்.

காலை ஆறு மணிக்கு, குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் மூலம் தானாகத் திறக்கும் ஃபைல் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். ஓகே அழுத்த அங்கே ஆள் இல்லை. ஒரே ஒரு மெசேஜ் பாக்ஸ் வந்தாலும் எக்செல் அதைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடும், மறுநாள் ஷெட்யூலர் இன்னொரு எக்செலைத் திறந்தாலும், ஃபைல் ஏற்கெனவே பூட்டியிருப்பதால் அதுவும் நிற்கும். சோதனைக்காக முதல் வரியில் வைத்த மெசேஜ் பாக்ஸை மறக்காமல் எடுத்துவிட்டு, அதற்குப் பதில் நேரத்தையும் எந்தக் கட்டம்வரை வந்தது என்பதையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.