கோபார்சனர்: பிறப்போடு வரும் பங்கு

பாகப்பிரிவினை வழக்குப் பிராது எதைப் புரட்டினாலும் இந்தச் சொல் கண்ணில் படும். "வாதியும் பிரதிவாதிகளும் இந்து கூட்டுக்குடும்பத்தின் கோபார்சனர்கள்" என்று தமிழ் வாக்கியத்துக்கு நடுவே அப்படியே உட்கார்ந்திருக்கும். வாரிசு, பங்காளி, கூட்டு உரிமையாளர் என்று நினைத்தபடி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். இவை மூன்றும் மூன்று வேறு உரிமைகள். மாற்றிப் போட்டால் கணக்கும் மாறிவிடும்.

இந்து கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறந்த மாத்திரத்திலேயே பங்குரிமை பெறுகிறவர் கோபார்சனர். அவர் பங்குக்கு யாரும் இறக்க வேண்டியதில்லை. அப்பா உயிரோடு இருக்கும்போதே "என் பாகத்தைப் பிரித்துக் கொடு" என்று கேட்கலாம். சொத்தை வைத்திருப்பவரும் அவருக்குக் கீழே மூன்று தலைமுறையும் இந்த வட்டத்துக்குள் வருவார்கள். சில மாநிலங்கள் முன்னதாகவே மாற்றியது தவிர, 2005 வரை இதில் ஆண்கள் மட்டுமே இருந்தார்கள்.

சொல்லின் வேர் இலத்தீனில் பிரித்தலைக் குறிப்பது. பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துச் சட்டத்துக்குள் 'பார்சனர்' என்று நுழைந்தது, பங்கு பிரித்துக்கொள்பவர் என்ற பொருளில். 'கோ' என்பது 'உடன்'. அங்கே இந்தச் சொல் முதன்மையாகக் குறித்தது பெண்களை. அன்றைய இங்கிலாந்தில் நிலம் மூத்த மகனுக்குப் போகும். மகனே இல்லையென்றால் மகள்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொள்வார்கள். அந்த மகள்கள்தான் கோபார்சனர்கள். கென்ட் பகுதி வழக்கப்படி மகன்கள் சமமாகப் பிரித்துக்கொண்டதும் உண்டு, ஆனால் அது வட்டார விதிவிலக்கு.

இந்தச் சொல்லை ஆங்கிலேய நீதிபதிகள் இங்கே கொண்டுவந்து, மகள்களுக்கு இடமே இல்லாத ஓர் ஏற்பாட்டுக்குப் பெயராக வைத்தார்கள். பொருத்தமின்மை அதோடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் இந்த உரிமை மூதாதை இறந்த பிறகு பிறப்பது. இங்கே பிறப்பிலேயே பிறப்பது. அங்கே ஒரு பார்சனர் இறந்தால் அவர் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். இங்கே மிஞ்சியிருக்கும் மற்றப் பங்காளிகளுக்குப் போனது. மூன்று இடத்தில் பொருந்தாத சட்டை, இருந்தும் இருநூறு ஆண்டாக நம் சட்டம் இதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறது.

இங்கே இருந்த ஏற்பாட்டின் மூலம் மிதாட்சரம். கல்யாணியில் ஆண்ட சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில் விஞ்ஞானேசுவரர் யாக்ஞவல்கிய ஸ்மிருதி என்ற பழைய தர்ம நூலுக்கு எழுதிய உரை அது. சொத்துரிமையைத் 'தாயம்' என்று சொல்லி, தடையில்லாத் தாயம், தடையுள்ள தாயம் என இரண்டாகப் பிரிக்கிறது. பிறப்பிலேயே வருவது முதலாவது. உடையவர் இறந்தால்தான் வருவது இரண்டாவது. வங்காளத்தில் நடப்பிலிருந்த ஜீமூதவாகனரின் தாயபாகம் என்ற நூலில் பிறப்புரிமை என்பதே கிடையாது. அங்கே அப்பா இருக்கும்வரை சொத்து அப்பாவுடையதுதான்.

தாயம் என்ற சொல் தமிழுக்குப் புதிதல்ல. பட்டினப்பாலை கரிகாலனின் அரசுரிமையைத் தாயம் என்றே சொல்கிறது. தாயத்தில் பங்குள்ளவன் தாயாதி. நாட்டுப்புறத்தில் தாயாதியும் பங்காளியும் ஒன்றுதான்: அப்பா வழி ஆண் உறவு, ஒரே குலசாமி, ஒரே தீட்டு. கூடப் பிறந்த அக்காளைப் பங்காளி என்று யாரும் சொல்வதில்லை. அவள் கட்டிக்கொடுத்தவள், அவள் புருஷன் மச்சான். அதனால் கோபார்சனருக்குப் 'பங்காளி' என்று எழுதினால், சட்டம் உள்ளே கொண்டுவந்த மகளைச் சொல்லே வாசலில் நிறுத்திவிடும்.

மற்றவையும் சரிப்படவில்லை. 'வாரிசு' என்பது ஒருவர் இறந்தபின் பிறக்கும் உரிமை, அதாவது தடையுள்ள தாயம். 'கூட்டு உரிமையாளர்' என்பது நண்பர்கள் இருவர் சேர்ந்து மனை வாங்கினாலும் பொருந்தும். 'பங்குதாரர்' கம்பெனிக்குப் போய்விட்டது. பழைய பத்திரங்களில் வரும் 'பாகஸ்தர்' நல்ல சொல்தான், ஆனால் பிறப்பு என்ற குறிப்பு அதில் இல்லை. என் தேர்வு 'பிறப்புரிமைப் பங்காளர்'. அர் விகுதி ஆண் பெண் இருவருக்கும் பொது. கோபார்சனரி என்ற அமைப்பைப் 'பிறப்புரிமைப் பங்குடைமை' எனலாம். பிராதில் எழுதும்போது முதல் இடத்தில் கோபார்சனர் என்பதையும் பக்கத்தில் போட்டுவிடுவது நல்லது. நீதிமன்றத்தில் புதுச்சொல்லைச் சோதித்துப் பார்க்கக் கட்சிக்காரர் காசு கொடுக்கவில்லை.

மகள் இதற்குள் வந்த வழி நீளம். பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளை வாரிசாக்கியது, பிறப்புரிமைப் பங்காளராக ஆக்கவில்லை. கேரளம் 1975இல் கூட்டுக்குடும்ப முறையையே சட்டம் போட்டு ஒழித்தது. ஆந்திரம் 1986இல் மகளுக்குப் பிறப்புரிமை கொடுத்தது. தமிழ்நாட்டுத் திருத்தம் 25.3.1989 முதல் நடப்புக்கு வந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு அதில் இடம் இல்லை. ஒரே வீட்டில் 1988இல் தாலி கட்டிய அக்காளுக்கு ஒன்றும் இல்லை, 1990இல் கட்டிய தங்கைக்குப் பங்கு உண்டு என்ற நிலை பல குடும்பங்களில் உருவானது. 9.9.2005இல் வந்த மத்தியத் திருத்தம் கல்யாணத் தேதியைப் பார்க்கவில்லை.

அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற கேள்வி அடுத்த பதினைந்து ஆண்டுகளைத் தின்றது. வேண்டும் என்றது 2015 பிரகாஷ் – பூலவதி தீர்ப்பு. 2018 தானம்மா தீர்ப்பு வேறு பக்கம் சாய்ந்தது. கடைசியில் 11.8.2020 அன்று வினீதா சர்மா – ராகேஷ் சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, உரிமை பிறப்பால் வருவதால் அப்பா இருந்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல என்று முடித்தது. சொல்லின் பொருளைச் சரியாகப் பிடித்தால் வேறு விடை வந்திருக்க முடியாது.

கணக்கைப் பார்ப்போம். ஒன்பது ஏக்கர், அதாவது 900 சென்ட் பூர்வீக நிலம். அப்பா, அம்மா, ஒரு மகன், ஒரு மகள். அப்பா உயில் எழுதாமல் இறக்கிறார். 1956 சட்டத்தின் பழைய கணக்கில், இறப்பதற்குச் சற்று முன் பாகம் பிரிந்ததாகப் பாவிக்க வேண்டும்: அப்பாவுக்கு 450, மகனுக்கு 450. தென்னிந்தியாவில் அந்தப் பாவனைப் பிரிவினையில் மனைவிக்குத் தனிப் பங்கு ஒதுக்கும் வழக்கம் இல்லை. அப்பாவின் 450 அம்மா, மகன், மகள் மூவருக்கும் தலா 150. ஆக மகனுக்கு 600, மகளுக்கு 150, அம்மாவுக்கு 150.

2005க்குப் பின் அப்பா, மகன், மகள் மூவரும் பங்காளர்கள், தலா 300. அப்பாவின் 300 மூவருக்கும் தலா 100. மகனுக்கு 400, மகளுக்கு 400, அம்மாவுக்கு 100. மகளுக்கு ஏறிய 250 சென்டில் 200 அண்ணனிடமிருந்து வந்தது, 50 அம்மாவிடமிருந்து. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மனைவியும் மருமகளும் கூட்டுக்குடும்பத்தின் உறுப்பினர்கள், பிறப்புரிமைப் பங்காளர்கள் அல்லர். அவர்கள் அந்த வீட்டில் பிறக்கவில்லை. நிலத்தில் பாலினச் சமத்துவம் பற்றி எழுதுகிற சட்ட அறிஞர்கள் மகளோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கு இந்த 50 சென்ட் போதும்.

அதிகமாகத் தப்பு நடப்பது எந்தச் சொத்து பூர்வீகம் என்பதில். "தாத்தா சொத்து, எனக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு" என்று வருபவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது: தாத்தாவுக்கு அது எப்படி வந்தது, அப்பாவுக்கு எப்படிப் போனது? தாத்தா சுயமாகச் சம்பாதித்து, இந்து வாரிசுரிமைச் சட்டம் நடப்புக்கு வந்த 17.6.1956க்குப் பின் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அது அப்பாவின் கையில் அவருடைய தனிச் சொத்து. சந்தர் சென் வழக்கில் 1986இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது இது. தாத்தா தானமோ உயிலோ எழுதிக் கொடுத்திருந்தால், என்ன நோக்கத்தில் கொடுத்தார் என்று பத்திர வாசகத்தைப் பார்க்க வேண்டும். 1953 அருணாசல முதலியார் வழக்கு அதற்கு வழிகாட்டி. அம்மா வழியில் வந்தது பூர்வீகம் ஆகாது. பத்திரத்தில் 'பிதிரார்ஜிதம்' என்று எழுதியிருந்தால் பூர்வீகம், 'சுயார்ஜிதம்' என்றால் தனிச் சொத்து என்று நம்பிவிடவும் கூடாது. எழுத்தர் பழைய மாதிரியைப் பார்த்து எழுதியதாக இருக்கலாம். மூலப் பத்திரம் வரை பின்னோக்கிப் போக வேண்டும்.

2022 அருணாசலக் கவுண்டர் – பொன்னுசாமி தீர்ப்பைக் காட்டி "1956க்கு முன்னாலும் மகளுக்குப் பூர்வீகத்தில் பங்கு" என்று பரப்புவதும் இதே குழப்பம்தான். அங்கே பேசப்பட்டது 1949இல் இறந்த தந்தையின் சுயார்ஜிதச் சொத்து. மகள் அங்கே வாரிசு, கோபார்சனர் அல்ல.

20.12.2004க்கு முன் நடந்த விற்பனையையும் பாகப்பிரிவினையையும் மத்தியத் திருத்தம் தொடவில்லை. அதனால் வழக்கு வந்ததும் எதிர்த்தரப்பு ஒரு கூர்சீட்டை, அதாவது பதிவு செய்யாத பாகப்பிரிவினைத் தாளை, எடுத்து நீட்டும்: 1998இலேயே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம் என்று. சட்டம் ஏற்பது பதிவான பத்திரத்தையோ நீதிமன்றத் தீர்ப்பாணையையோதான். வாய்மொழிப் பிரிவினை அரிதாக, பொது ஆவணங்களின் துணையோடு ஐயமற நிரூபித்தால் மட்டும் எடுபடும். தனித்தனிப் பட்டா, தனித்தனி கிஸ்து (நிலவரி) ரசீது, தனித்தனி அடமானம் அந்தக் காலத்திலிருந்தே ஓடிவருகிறதா என்று பார்க்க வேண்டும். நேற்று வாங்கிய பட்டா உதவாது. பட்டா எந்தக் காலத்திலும் உரிமை மூலமும் ஆகாது.

வழக்குப் போடுவதானால் எல்லாச் சொத்தையும் எல்லாப் பங்காளரையும் சேர்க்க வேண்டும். ஒன்றை விட்டால் பகுதிப் பிரிவினை என்ற எதிர்வாதம் எழும். கூட்டு அனுபவத்தில் இருப்பதாகச் சொன்னால் நிலையான நீதிமன்றக் கட்டணம், வெளியேற்றப்பட்டதாகச் சொன்னால் பங்கின் சந்தை மதிப்பில் கட்டணம். கட்டணத்தை மிச்சம் பிடிக்கக் கூட்டு அனுபவம் என்று எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் "என்னைக் காட்டுக்குள் விடவில்லை" என்று எழுதுபவர்கள் உண்டு. அந்த இரண்டாவது வரி காலவரம்பையும் கிளப்பும்: பங்கிலிருந்து விலக்கியது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டு.

பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்முன், விடுவது எதை என்று தெரிய வேண்டும். பூர்வீகத்தில் மகளுக்கு இருப்பது இன்றைய உரிமை, அப்பா இருக்கும்போதே அதை விட்டுக்கொடுக்க முடியும். அப்பாவின் சுயார்ஜிதத்தில் அவளுக்கு இருப்பது எதிர்பார்ப்பு மட்டுமே, அப்பா இருக்கும்போது அதை எழுதி வாங்கியது பொதுவாகச் செல்லாது. இரண்டையும் ஒரே தாளில் போட்டு வாங்கியிருந்தால் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பாகம் பிரித்தாயிற்று, பத்திரம் பதிவாயிற்று என்றாலும் உட்பிரிவுக்கு விண்ணப்பித்து, சர்வேயர் அளந்து கல் நட்ட பிறகுதான் கூட்டுப் பட்டா தனிப் பட்டாவாகும். அதற்கும் முன்னால் பத்திரத்தின் சொத்து விவரத்தில் நான்கு எல்லையோடு மூன்று வரி சரியாக இருக்க வேண்டும்: மாமூல் வழித்தடப் பாத்தியம், கிணற்றில் இத்தனையில் ஒரு பாகம், பம்புசெட்டிலும் மின் இணைப்பிலும் அதே பாகம், முறைத் தண்ணீர் எந்தெந்த நாள் என்பது உட்பட. மகளுக்கு ஒதுக்கும் 400 சென்டில் இந்த வரிகள் விடுபட்டால், அவள் கைக்கு வருவது தடமும் தண்ணீரும் இல்லாத மேட்டு நிலம், அதை வாங்க முன்வரும் ஒரே ஆள் பக்கத்துக் காட்டுக்காரரான அண்ணன்.