பண்டோராவின் பெட்டியா, தாழியா? ஒரு சொல் விளக்கம்

'பண்டோராவின் பெட்டியைத் திறந்துவிட்டார்கள்' என்று மாதத்துக்கு ஒரு தலைப்பாவது கண்ணில் படுகிறது. தொட்டால் அடுக்கடுக்காகச் சிக்கல்கள் வெளிவரும், பிறகு மூடவும் முடியாது என்கிற மாதிரியான ஒரு விவகாரத்தைக் கிளறிவிடுவதுதான் இதற்குப் பொருள். 2021 அக்டோபரில் வெளிநாடுகளில் பதுக்கிய சொத்துகளைப் பற்றிய கோப்புகள் கசிந்தபோது அவற்றுக்கு 'பண்டோரா ஆவணங்கள்' என்று பெயர் வைத்ததும் இதனால்தான். பொருளில் சிக்கல் இல்லை. சிக்கல் பெட்டியில் இருக்கிறது, ஏனென்றால் கிரேக்கக் கதையில் பெட்டியே கிடையாது.

கதை நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய இடம் ஹெசியோடின் 'வேலைகளும் நாட்களும்' என்ற பாட்டு, ஏறக்குறைய கி.மு. 700. ஹெசியோட் மத்திய கிரேக்கத்தில் ஹெலிகான் மலையடியில் ஆஸ்க்ரா என்ற ஊர்க்காரர். குளிர்காலத்தில் கொடுமை, கோடையில் கடுமை, எப்போதுமே நல்லதில்லை என்று சொந்த ஊரைப் பற்றியே பாடி வைத்திருக்கும் மனிதர். பாகப்பிரிவினையில் தன்னை ஏமாற்றிய தம்பி பெர்செஸுக்குப் புத்தி சொல்வதுபோல் பாட்டு போகிறது. மனிதன் ஏன் உழைத்துச் சாக வேண்டியிருக்கிறது என்று தம்பிக்கு விளக்கும் இடத்தில்தான் பண்டோரா வருகிறாள்.

பிரொமிதியூஸ் உள்ளே கூடான ஒரு செடித்தண்டில் நெருப்பை ஒளித்து எடுத்துவந்து மனிதர்களுக்குக் கொடுத்துவிடுகிறான். தேவர்களின் அரசன் சியூஸுக்கு வந்த கோபத்துக்கு, மனிதர்கள் ஆசையாசையாய்க் கட்டிக்கொள்ளும்படி ஒரு கேட்டைத் தருகிறேன் என்று சிரிக்கிறார். ஹெஃபைஸ்டஸ் மண்ணையும் நீரையும் பிசைந்து ஒரு பெண்ணை வடிக்கிறான், அதீனா ஆடை உடுத்தி நெசவு கற்றுத் தருகிறாள், அஃப்ரோடிடி அழகைப் பொழிகிறாள், ஹெர்மிஸ் பொய்யையும் கள்ளப் புத்தியையும் உள்ளே வைத்துப் பண்டோரா என்று பெயரும் சூட்டி, பிரொமிதியூஸின் தம்பி எபிமிதியூஸிடம் கொண்டுபோய் விடுகிறான். சியூஸ் எதைக் கொடுத்தாலும் வாங்காதே என்று அண்ணன் முன்பே எச்சரித்திருந்தான், ஆனால் தம்பி வாங்கிக்கொண்டபிறகுதான் யோசிக்கிறான். பெயர்களே அதைச் சொல்லிவிடுகின்றன: பிரொமிதியூஸ் என்றால் முன்யோசனைக்காரன், எபிமிதியூஸ் என்றால் நம் ஊர்ச் சொல்லில் பின்புத்திக்காரன்.

அப்புறம் நான்கைந்து வரிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அவள் கையால் ஒரு பாத்திரத்தின் மூடியை எடுக்கிறாள், உள்ளே இருந்த துன்பங்கள் உலகெங்கும் சிதறுகின்றன, விளிம்புக்குக் கீழே எல்பிஸ் (வழக்கமாக 'நம்பிக்கை' என்று மொழிபெயர்ப்பார்கள்) மட்டும் தங்கிவிடுகிறது, சியூஸின் எண்ணப்படி மூடி மறுபடி விழுகிறது. நோய்கள் இரவும் பகலும் ஓசையில்லாமல் வருவது ஏன் தெரியுமா? சியூஸ் அவற்றின் குரலைப் பறித்துவிட்டாராம். கதையில் எனக்கு மிகவும் பிடித்த வரி இதுதான்.

இதில் என்னவெல்லாம் இல்லை என்று பாருங்கள். 'திறக்காதே' என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஆவல் தாங்காமல் திறந்தாள் என்ற பேச்சும் இல்லை. அந்தப் பாத்திரத்தை அவள் வானிலிருந்து கொண்டுவந்தாளா, அது எபிமிதியூஸ் வீட்டில் ஏற்கெனவே இருந்ததா என்பதையும் ஹெசியோட் சொல்வதில்லை. நாம் சிறுவயதில் கேட்ட கதையின் பாதி பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்தது.

அவள் திறந்ததாக ஹெசியோட் சொல்லும் பாத்திரத்தின் பெயர் 'பித்தோஸ்'. ஆளுயரத்துக்கு நிற்கும் மண்பாத்திரம் அது. சின்னதும் உண்டு, ஆனால் பித்தோஸ் என்றதும் கிரேக்கனுக்கு நினைவுக்கு வருவது பெரியதுதான். மது, எண்ணெய், தானியம், தேன் என்று ஆண்டு முழுதுக்குமான இருப்பு அதில் இருக்கும். பல வீடுகளில் பாதி உடலை மண்ணில் புதைத்து, வாய் மட்டும் வெளியே தெரியும்படி வைத்திருப்பார்கள். கிரீட் தீவில் க்னோசோஸ் அரண்மனையின் கிடங்குகளில் வரிசையாக நிற்கும் பித்தோஸ்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 1878-இல் மினோஸ் கலோகைரினோஸ் என்ற உள்ளூர்க்காரர் அங்கே முதலில் தோண்டியபோதே இவைதான் வெளிப்பட்டன.

கிரேக்கக் கதைகளில் இந்தப் பாத்திரம் எங்கு பார்த்தாலும் வரும். இலியட்டின் 24-ஆம் காண்டத்தில், மகனை இழந்து வந்திருக்கும் டிராய் மன்னன் பிரியாமிடம் அகிலிஸ் சொல்கிறான்: சியூஸின் வீட்டில் இரண்டு பித்தோஸ்கள் உண்டு, ஒன்றில் கேடுகள், மற்றதில் நன்மைகள், அவர் இரண்டையும் கலந்து கொடுத்தால் மனிதனுக்கு வாழ்க்கை ஏற்ற இறக்கமாகப் போகும், கேட்டை மட்டும் கொடுத்தால் அவ்வளவுதான். கதைகளில் வரும் கிரீட் மன்னன் மினோஸின் சின்ன மகன் கிளவுகோஸ் எலியைத் துரத்திக்கொண்டு ஓடித் தேன் நிறைந்த பித்தோஸில் விழுந்து இறக்கிறான், ஒரு குறிசொல்பவன் அவனைக் கண்டுபிடித்து மூலிகையால் உயிர்ப்பிக்கிறான். ஹெராக்லிஸ் காட்டுப்பன்றியைத் தோளில் சுமந்துவந்து நிற்க, ஏவிய மன்னன் யூரிஸ்தியூஸ் பயத்தில் பித்தோஸுக்குள் குதித்து, தலையும் கையும் மட்டும் தெரியக் கதறுவதைக் கிரேக்க ஓவியர்கள் பானைகளின்மேல் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார்கள். 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்று சொல்லப் பக்கத்தில் ஒரு பிள்ளை நிற்காததுதான் குறை. ஏதென்ஸில் தத்துவஞானி டயோஜெனிஸ் குடியிருந்ததும் பித்தோஸில்தான். தமிழில் அதைப் 'பீப்பாய்' என்று எழுதிப் பழகிவிட்டோம். மரப்பலகைப் பீப்பாயைக் கற்பனை செய்தால் அது தவறு.

சரி, இவ்வளவு பெரிய மண்பாத்திரம் எப்படிப் பெட்டி ஆனது? பழி டச்சு அறிஞர் எராஸ்மஸ்மேல் விழுகிறது. 1508-இல் வெளிவந்த தன் பழமொழித் தொகுப்பில், பட்டபிறகு புத்தி வரும் மூடனைப் பற்றிய பழமொழிக்கு விளக்கமாக இந்தக் கதையை லத்தீனில் சொல்லும்போது, பித்தோஸ் இருக்க வேண்டிய இடத்தில் 'பிக்ஸிஸ்' என்று எழுதினார். பிக்ஸிஸ் என்றால் களிம்பு, மை, நகை போன்றவற்றை வைக்கும் மூடிபோட்ட சின்னக் கலம். தமிழில் இதற்கு ஒரே சொல்தான்: சிமிழ். ஆக, மனிதர் தாழியைச் சிமிழாக்கிவிட்டார். சைக்கி என்ற பெண் பாதாள உலகிலிருந்து அழகு அடைத்த ஒரு பிக்ஸிஸைக் கொண்டுவரும் வழியில், சொல்லியும் கேளாமல் திறந்து பார்த்து மயங்கி விழும் கதை லத்தீனில் உண்டு, அதோடு குழம்பியிருப்பார் என்பது ஒரு கருத்து. எனக்கும் அது சரியாகப் படுகிறது, ஏனென்றால் 'திறக்காதே', 'ஆவல்' இரண்டும் அந்தக் கதையில் இருக்கின்றன, இந்தக் கதையில் இல்லை. சொல் மாறியதை டோரா பனோஃப்ஸ்கியும் எர்வின் பனோஃப்ஸ்கியும் 1956-இல் ஒரு தனி நூலாகவே தேடி எழுதினார்கள். எராஸ்மஸின் சிமிழ் ஐரோப்பிய மொழிகளில் பெட்டியாகப் பரவி, ஆங்கிலம் வழியாக நமக்கும் பெட்டியாகவே வந்து சேர்ந்தது.

பித்தோஸுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? 'சாடி' என்று சிலர் எழுதுகிறார்கள், அதைக் கேட்டதும் ஊறுகாய்தான் நினைவுக்கு வருகிறது, அளவு போதாது. 'பேழை' என்றால் மறுபடி மரப்பெட்டிக்கே போய்விடுகிறோம். 'குதிர்' அளவில் சரி, வேலையிலும் பாதி சரி, ஆனால் குதிரில் நெல் கொட்டலாம், மது ஊற்ற முடியாது. 'மிடா' நெருங்கிய சொல். 'மொடாக்குடி' என்று பேச்சில் இன்னும் உயிரோடு இருப்பது அதுதான். மதுப் பித்தோஸுக்கு மிடா என்றே போடலாம். ஆனால் எல்லாவற்றையும் அணைத்துக்கொள்ளும் சொல் தாழிதான்.

தாழி என்றதும் பலருக்கு முதுமக்கள் தாழி மட்டுமே தோன்றும். ஆதிச்சநல்லூரில் வரிசையாகக் கிடைத்தவை, புறநானூறு 256-இல் கணவனை இழந்தவள் குயவரை நோக்கி, எனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகச் செய் என்று கேட்கும் 'ஈமத் தாழி', இவையெல்லாம் நினைவில் நிற்பதால், வீட்டுச் சாமானுக்கு இந்தச் சொல் பொருந்துமா என்று தயங்குவார்கள். தயங்க வேண்டியதில்லை. 'வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது' என்கிறோமே, அது அடுப்படித் தாழிதானே? இருப்பு வைக்கவும் இறந்தவரை வைக்கவும் ஒரே சொல் என்பதுதான் இங்கே வசதி, ஏனென்றால் பித்தோஸும் அப்படியே: கிரேக்கர்களும் பித்தோஸில் இறந்தவர்களை, குறிப்பாகக் குழந்தைகளை, வைத்துப் புதைத்திருக்கிறார்கள்.

இது வெறும் தற்செயல் விவரம் என்று தள்ளிவிட முடியாது. ஏதென்ஸில் ஏறத்தாழ பிப்ரவரியில் வரும் அந்தெஸ்தீரியா திருவிழாவின் முதல் நாளுக்கு 'பித்தொய்கியா', அதாவது தாழி திறப்பு என்று பெயர். புதிய மதுவின் தாழிகளை அன்றுதான் திறப்பார்கள். மூன்று நாள் விழா, அந்த நாட்களில் இறந்தவர்களின் ஆவிகள் ஊருக்குள் உலவுவதாக நம்பிக்கை, முடிவில் 'வெளியே போங்கள், விழா முடிந்தது' என்று விரட்டும் வழக்கமும் இருந்தது. கிரேக்கச் சமய ஆய்வாளர் ஜேன் ஹாரிசன் 1900-இல் எழுதிய கட்டுரையில் இதையெல்லாம் சேர்த்து, பண்டோரா திறந்தது கல்லறைத் தாழி, பறந்துபோனவை ஆவிகள் என்று வாதிட்டார். முழுதாக ஏற்க முடியாவிட்டாலும், தாழி என்று வைத்தால்தான் அந்த வாதமே தமிழில் புரியும். பெட்டி என்று வைத்துவிட்டு இதை விளக்கிப் பாருங்கள், ஓடவே ஓடாது.

இப்போது பெயர். 'பான்' என்றால் எல்லாம். 'பான் இந்தியா' படம் என்கிறோமே, அந்தப் பான்தான். 'தோரோன்' என்றால் கொடை. வடமொழித் 'தானம்' இதற்குத் தூரத்து உறவு. ஒலிம்பஸில் இருப்பவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கொடை தந்ததால் இந்தப் பெயர் என்கிறார் ஹெசியோட். அதன்படி 'எல்லாக் கொடையும் பெற்றவள்'. ஆனால் அதே சொல்லை 'எல்லாவற்றையும் கொடுப்பவள்' என்றும் படிக்கலாம், பூமித்தாயை அப்படி அழைத்ததும் உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய கி.மு. 460-ஐச் சேர்ந்த ஒரு கிண்ணம் இருக்கிறது, அதில் அதீனாவும் ஹெஃபைஸ்டஸும் ஒரு பெண்ணை அலங்கரிக்கிறார்கள், பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர் பண்டோரா இல்லை, 'அனெசிதோரா'. கீழிருந்து கொடைகளை மேலே அனுப்புபவள் என்று பொருள், மண்ணுக்குச் சொல்லும் பெயர். பார்த்தெனான் கோயிலில் அதீனாவின் பெருஞ்சிலையின் பீடத்தில் பண்டோராவின் பிறப்பைச் செதுக்கியிருந்ததாகப் பழைய கிரேக்கப் பயணி பௌசானியஸ் எழுதுகிறார். வெறும் சாபமாக மட்டும் நினைத்திருந்தால் அங்கே கொண்டுபோய் வைத்திருப்பார்களா? விளைச்சல் தரும் ஒரு பழைய தெய்வத்தை ஹெசியோட் வில்லியாக்கினார் என்று பல அறிஞர்கள் சொல்வதற்கு இவைதான் அடிப்படை. பெண்களைத் தேன்கூட்டின் சோம்பேறி ஈக்கள் என்று இன்னொரு பாட்டில் திட்டியவர் அவர், செய்யக்கூடியவர்தான்.

மரபுத்தொடராக மட்டும் வேண்டும் என்றால் தமிழில் பண்டோராவே தேவையில்லை. 'கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை' போதும், எதிர்பாராதது வெளியே வருகிறது என்ற பொருளை அது அப்படியே தருகிறது. 'வேலியில் போன ஓணானை' என்று தொடங்குவதும் உண்டு, ஆனால் அதில் கேடு அதைச் செய்தவரோடு முடிந்துவிடுகிறது. பண்டோராவின் செயல் ஊரையே பிடிக்கும், அதனால் பூதம்தான் பொருத்தம். செய்தித் தலைப்புக்காரர்கள் பெட்டி என்றே வைத்துக்கொள்ளட்டும், பழகிப்போன தொடரைத் திருத்தி யாரும் வென்றதில்லை. ஹெசியோடையோ கிரேக்கக் கதைகளையோ தமிழில் சொல்பவர்கள் மட்டும் தாழி என்று எழுதினால் நல்லது.

இன்னும் ஒரு சொல் பாக்கி: எல்பிஸ். 'நம்பிக்கை மட்டும் எஞ்சியது' என்று முடிப்பது வழக்கம், கேட்கவும் இதமாக இருக்கும். ஆனால் எல்பிஸ் நல்லதை மட்டும் எதிர்நோக்குவது இல்லை, வரப்போவதாக நினைக்கும் எதையும் குறிக்கும். 'எதிர்பார்ப்பு' என்பதே நெருக்கம். கேடுகள் தாழியை விட்டு வெளியேறியதால்தான் நம்மைப் பிடித்தன என்றால், உள்ளேயே தங்கிய எல்பிஸ் நம்மிடம் இருக்கிறதா, இல்லை நமக்குக் கிடைக்காமல் அடைபட்டுவிட்டதா? கிரேக்கர்களுக்குள்ளேயே இதற்கு ஒரே பதில் இல்லை. மற்ற நல்ல தெய்வங்கள் எல்லாம் போய்விட எல்பிஸ் மட்டும் மனிதரிடையே நின்றது என்று தியோக்னிஸ் பாடுகிறார். பாப்ரியஸின் கதையிலோ தாழியில் இருந்தவை நன்மைகள், திறந்தவன் பெயரில்லாத ஒரு மனிதன், நன்மைகள் பறந்து தேவர்களிடமே திரும்பிவிட எல்பிஸ் மட்டும் மாட்டிக்கொண்டது.

பதில் தாழியிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். அதே பாட்டில் ஹெசியோட் தம்பிக்கு இன்னோர் அறிவுரை சொல்கிறார்: தாழியைத் திறந்தவுடனும் அது தீரும் தறுவாயிலும் தாராளமாக எடு, நடுவில் சிக்கனமாக இரு, அடியில் போய்ச் சேமிப்பது வீண். தாழிக்குள் கிடப்பது வீட்டுக்காரனின் இருப்பு, கை நீட்டினால் எடுக்கலாம் என்பதுதான் அந்த உழவரின் கணக்கு. எல்பிஸ் நம் வீட்டில்தான் இருக்கிறது. ஆனால் அது வரம் என்று அவர் சொல்லவில்லை. சில நூறு வரிகள் தள்ளி, வேலை செய்யாமல் வெற்று எல்பிஸை நம்பி உட்கார்ந்திருப்பவனைத் திட்டும்போதும் அதே சொல்லைத்தான் போடுகிறார், அந்த இடத்தில் 'நம்பிக்கை' என்று மொழிபெயர்க்க எனக்கு மனம் வரவில்லை. நப்பாசை என்றே போடுவேன்.