மனு ரசீது வேறு, எப்.ஐ.ஆர். வேறு

சித்திரைத் திருவிழா முடிந்த வாரத்தில் மதுரை வீடுகளில் இந்தப் பேச்சு கட்டாயம் காதில் விழும்: "எதிர்சேவைக்குப் போனேன்ணே, தல்லாகுளத்துக் கூட்டத்துல போன் போயிருச்சு. ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன்." சரி, எழுதிக் கொடுத்துவிட்டு என்ன வாங்கி வந்தீர்கள்? இதற்குப் பலருக்குப் பதில் தெரியாது.

காவல் நிலையத்தில் புகார்தாரருக்குக் கிடைக்கும் காகிதம் இரண்டு வகை. முதலாவது சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது. சமுதாயப் பணிப் பதிவேட்டில் மனுவை ஏற்றி, ஓர் எண் போட்டுக் கையில் தருவார்கள். மனு வந்து சேர்ந்ததற்கு அது அத்தாட்சி, அவ்வளவே. இரண்டாவது முதல் தகவல் அறிக்கை, அதாவது எப்.ஐ.ஆர். இது பதிவானால்தான் வழக்கு. இதன் பிரதி மாஜிஸ்திரேட்டுக்குப் போய்விடும் என்பதால், பிறகு நிலையம் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். என் சித்தப்பா பைக் திருடுபோனபோது மனு ரசீதை வைத்துக்கொண்டு இன்சூரன்ஸுக்கு மூன்று வாரம் அலைந்தார். அங்கே கேட்டது எப்.ஐ.ஆர். நகல். அதற்கும் பிறகு, வண்டி கிடைக்கவில்லை என்று போலீஸ் தரும் சான்று வேறு.

வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்திருப்பது புகாரிலேயே தெரிந்தால், எப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இதற்கான பிரிவு 173. புதுச் சட்டத்தில் ஒரு சந்து உண்டு. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்திப் பார்க்கலாம். "விசாரிச்சுட்டுச் சொல்றோம்" என்றால் இந்த 14 நாளை மனதில் வையுங்கள்.

அடுத்ததுதான் பெரும்பாலானோர் கோட்டை விடும் இடம். திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணையில் இறங்க முடியாது. எனவே புகாரில் பொருளின் மதிப்பை எழுதுங்கள், பில் இருந்தால் இணையுங்கள். கழுத்துச் சங்கிலியையோ கையில் இருந்த போனையோ பிடுங்கிக்கொண்டு ஓடினால் அது பறிப்பு. குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ஆம் பிரிவில் அது தனிக் குற்றம், அதற்கு இந்த 5,000 ரூபாய் கணக்கே கிடையாது. "தொலைஞ்சிருச்சுன்னு எழுதுங்கம்மா, சீக்கிரம் முடியும்" என்று யாராவது நல்ல மனதோடு சொன்னாலும் கேட்காதீர்கள். தொலைந்தது என்று எழுதிய மனுவில் குற்றமே இல்லை. குற்றம் இல்லாமல் எப்.ஐ.ஆர். எங்கிருந்து வரும்? நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

மதுரையில் எல்லைச் சண்டையும் உண்டு. நகரத்து நிலையங்கள் மாநகர ஆணையர் கையில். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டியெல்லாம் மாவட்டக் கண்காணிப்பாளர் கையில். தல்லாகுளத்தில் போனைப் பறிகொடுத்தவர் உசிலம்பட்டி திரும்பியபின் அங்கேயே புகார் கொடுக்கலாம். 'எங்க எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பக் கூடாது. தங்கள் நிலையத்து வழக்கு எண் போடாமல் பூஜ்ய எண்ணில் எப்.ஐ.ஆர். பதிந்து உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். மின்னணு வழியில் அனுப்பிய புகார் என்றால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எப்.ஐ.ஆர். நகல் இலவசம். ரைட்டர் ஜெராக்ஸுக்குக் காசு கேட்டால் சிரித்துக்கொண்டே சட்டப்பிரிவைச் சொல்லலாம்: 173(2).

பதிய மறுத்தால் புகாரின் சாரத்தை எழுதி மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். நகரம் என்றால் ஆணையர் அலுவலகத்துக்கு. பதிவுத் தபால் ரசீது பத்திரம், அடுத்த படிக்கு அதுதான் ஆதாரம். அங்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பக்கத்திலேயே இருக்கிறது என்று நேராக அங்கே ஓடுகிறவர்கள் நிறைய. சட்டம் முதலில் காட்டும் வாசல் மாஜிஸ்திரேட் நீதிமன்றம்தான்.

வழக்குப் பதிந்தபின் விசாரணை எந்த மட்டில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். சாட்சி விசாரணைக்குப் பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் நிலையத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

நிஜமாகவே தொலைந்த ஆவணத்துக்கு நிலையம் ஏற வேண்டியதில்லை. ஆர்.சி. புத்தகம், லைசென்ஸ், பாஸ்போர்ட், கல்லூரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே தொலைந்த ஆவண அறிக்கை எடுத்துக்கொள்ளலாம். வங்கிப் பணம் மோசடியில் போனால் யோசிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் உண்டு. போனை முடக்க சி.இ.ஐ.ஆர். என்ற மத்திய அரசு தளம் இருக்கிறது. அது போலீஸ் புகார் நகலையும், போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் கேட்கும். அந்த எண் போன் வந்த டப்பாவில் அச்சிட்டிருக்கும், டப்பாவைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.